பதினோராம் பாடம்

317-ஆம் அறைக்கு அடுத்த ஜூலையில் வரப்போகிற உனக்கு.
இழுப்பறையைத் திறந்ததும் இது கையில் தட்டுப்படும்.
கூடக் கிடக்கும் ஒற்றைக் காலுறை என்னுடையதல்ல,
எனக்கு முன்பே இருந்தது.

முதலில் ஜன்னல்.
தார்த்து நகரத்தின் கோடை இரவு சரியாக இருட்டாது.
பதினொன்றரைக்கும் வானம் வெளுத்தே நிற்கும்.
திரைச்சீலையை நம்பாதே;
கட்டிலுக்கடியில் இருக்கும் சாம்பல் நிறப் போர்வையை
நான்கு ஆணியிலும் மாட்டு.
ஆணிகள் நான் அடித்தவை. அலுவலகத்தில் சொல்லாதே.

சலவை இயந்திரம் இரண்டு. இடப்பக்கத்தது நாணயத்தை விழுங்கும்.

சதகுப்பை இலையை எல்லாவற்றிலும் தூவுவார்கள்,
உருளைக்கிழங்கில், சூப்பில், மீனில்,
ஒருமுறை தேநீரிலும் என்று எனக்குச் சந்தேகம்.
மூன்றாம் வாரம் ஒருவேளை தூவ மறந்தால்
நீயே கேட்பாய்.

பேருந்தில் உன் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும்.
வெறுப்பில்லை அது,
உனக்கென்று விட்டுத்தந்த இடம்.
பையை வைத்துக்கொள்.

எதிர் அறை கத்ரே
பாலத்தின் வளைவின் மேல் ஏறி நடக்கக் கூப்பிடுவாள்.
நடக்காதே.
சரி, நட. மழை பெய்தால் மட்டும் வேண்டாம்.

வேற்றுமை பதினான்கு. பயப்படு,
ஆனால் ஒரு நாளைக்கு மேல் பயப்படாதே.
எதிர்காலம் கிடையாது இந்த மொழியில்.
'வருவேன்' என்பதற்கு வடிவமில்லை,
'நாளை வருகிறேன்' என்றுதான் சொல்லமுடியும்.
ஆசிரியர் ரைவோ இதைச் சொன்னபோது
வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

அன்று மாலையே
ஆற்றோரச் சந்தையில், ஸ்ட்ராபெர்ரி விற்கும் ஹெல்யூவிடம்
'நாளை வருகிறேன்' என்றேன்.
என் பெயருக்கு எங்கள் ஊரில் ஒரு முட்செடிப் பழம் என்று பொருள்;
அதைச் சொன்ன நாளிலிருந்து
என்னைத் தட்டுகளுக்கு நடுவில் உட்காரச் சொல்லிச் சிரிப்பாள்.
என் விகுதிகளை ஒருநாளும் திருத்தியதில்லை.
ஒரு கைப்பிடி பட்டாணி கூடுதலாகப் போடுவாள்.

மறுநாள் தேர்வு. அதற்கு மறுநாள் தீவுக்குச் சுற்றுலா.
பிறகு சும்மா, சோம்பல்.
ஒன்பது நாள் கழித்துப் போனேன்.
தட்டில் இப்போது ராஸ்பெர்ரி.
ஹெல்யூ ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

எல்லாச் சொல்லும் எனக்குத் தெரிந்தவை.
தம்பி, இரண்டாம் பாடம்.
படகு, நான்காம் பாடம்.
ஆறு, முதல் பாடத்திலேயே, படத்தோடு.
சனிக்கிழமை. கிழமைகளை நான் தூக்கத்திலும் சொல்வேன்.
இறந்தகாலம், வினைமுற்று, பிழையில்லாமல் புரிந்தது.

பதில்தான் இல்லை என்னிடம்.
எட்டுப் பாடங்கள் எங்கள் கோடை.
ரயில் எத்தனை மணிக்கு, எனக்குக் காய்ச்சல்,
இந்தச் சட்டை பெரியது, சிறியது இருக்கிறதா.
வாயில் வந்ததைச் சொன்னேன்:
'அரைக் கிலோ, தயவுசெய்து.'
அவள் நிறுத்தாள்.

அன்றிரவு போர்வையைக் கழற்றிவிட்டு
அந்த வெளுத்த வெளிச்சத்தில் புத்தகத்தைப் புரட்டினேன்,
நாங்கள் தொடாத பக்கங்களை.
பதினோராம் பாடத்தில், ஒரு கட்டத்துக்குள்,
திருமண வாழ்த்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் கீழே
இரண்டே சொல்: துன்னென் காஸா.
கூடவே உணர்கிறேன்.
நிகழ்காலம்.

காலையில் சந்தை திறக்குமுன் போய் நின்றேன்.
சொன்னேன்.
ஹெல்யூ என்னைப் பார்த்தாள்,
முதல்முறையாக என்னைத் திருத்தினாள்:
'கஸா இல்லை. காஸா.'
குறிலை நெடிலாக்கினாள்.
இன்னொருமுறை சொல்லவைத்தாள்.
பிறகு தார்ப்பாயின் ஒரு முனையை என் கையில் கொடுத்தாள்,
இருவரும் மடித்தோம்.

புத்தகம் அலமாரியின் மேலே இருக்கிறது.
சிவப்புக் கறை பட்ட பக்கம் தானாகத் திறக்கும்.
அங்கிருந்து தொடங்கு.
ரயில் நேரத்தைப் பலகையில் போட்டிருப்பார்கள்.

— மக்வாலா, குத்தாயிசி

பி.கு. இடப்பக்க இயந்திரத்தை
கீழ் மூலையில் ஓர் உதை விட்டால்
சில சமயம் திருப்பித் தரும்.